எல்லாம் அவருதானுங்க

சித்தெ அக்கட்ட தள்ளி உக்காருங்க தம்பி, முழங்கால்ல இடிக்கப் போகுது. கேடயமுங்க. பித்தளைன்னு நெனச்சுப்போடாதீங்க, பிளாஸ்டிக்குத்தான். மேல மொலாம் பூசியிருக்குது. சால்வையும் ஒண்ணு போத்துனாங்க. அத மடிச்சுப் பையில வெச்சுட்டேன். போத்திக்கிட்டு பஸ்ஸுல ஏறுனா, சம்பந்தம் பேசிட்டு வர்றவனப் பாக்கற மாதிரி எல்லாரும் பாக்கறாங்க.

நீங்க எங்க எறங்கோணும்? கடைசி ஸ்டாப்பா? அப்ப நேரமிருக்குது. நான் கருக்கம்பாளையம். படிச்சுப் பாருங்க, என்ன எழுதியிருக்குதுன்னு. சிறந்த பராமரிப்பாளர். அதுக்குக் கீழ சென்னியப்பன்னு இருக்குதல்ல, அது நான்தான்.

சந்தோசமான்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க. சோறு கேட்டவனுக்குப் பல்லுக் குத்தற குச்சியக் குடுத்துத் தாட்டி அனுப்பிச்சிருக்கறாங்க. நான் கேட்டது என்ன, இவங்க குடுத்தது என்ன. அத யாருகிட்டயாவது சொல்லாட்டி எனக்கு நெஞ்சு ஆறாது.

என்ற ஊட்டுக்காரி பேரு சம்பூரணம். நாலு வருசத்துக்கு முன்னால வாசல் தெளிச்சுக்கிட்டு இருந்தவ அப்படியே சாஞ்சுட்டா. வாதம். வலது கையும் வலது காலும் இழுத்துக்கிச்சு. உசுரு பொழச்சதே பெருசுன்னு டாக்டர் சொன்னாரு. பேச்சு திரும்பிருச்சு, சித்தெ கொளறும். கை திரும்பல. செவுத்தப் புடிச்சா நாலடி நகருவா. நான் மஞ்ச மண்டியில எடை போட்டுக்கிட்டு இருந்தவன், மூட்டை பொரட்டுன கை இது. இந்தப் பொம்பள வேலையெல்லாம் எனக்குப் பழக்கமில்லீங்க. எங்களுக்குக் கொழந்த குட்டியும் இல்ல.

பக்கத்து ஊட்டு மரகதம்தான் வந்து குளிக்கத் தண்ணி வாத்துவுடுவா, சீல கட்டிவுடுவா, வெளிக்கிக் கூட்டிப் போவா, தலை சீவிவுடுவா. ஒரு பைசா வாங்க மாட்டா. அந்த நேரத்துக்கு நான் டீக்கடைப் பக்கம் போயிருவேன். பொம்பளைக பொழங்கற எடத்துல நமக்கு என்ன வேல? அந்த மரியாத எனக்குத் தெரியுமுங்க. சில ஆம்பளைக ஊட்டுக்குள்ளயே நின்னுக்கிட்டு அது இதுன்னு மேப்பார்வ பாப்பாங்க. நான் அந்தப் பழக்கமெல்லாம் வெச்சுக்கறதில்ல.

போன வைகாசியில மரகதத்தோட மகனுக்குத் திருப்பூருல பனியன் கம்பெனியில வேல கெடச்சுதுன்னு ஆத்தாளையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். அவ போன அன்னைக்கு சம்பூரணம் அழுதா பாருங்க, அவங்கப்பன் செத்தப்பக்கூட அப்படி அழுவல. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஏம்புள்ள, பக்கத்து ஊட்டுக்காரி போனா என்ன, நான் இருக்கறனல்லன்னு சொன்னேன். என்னைய ஒரு பார்வ பாத்தா. அப்புறம் எடது கையில கண்ணத் தொடச்சுக்கிட்டா. தைரியம் வந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்புறம் யாரு பாத்துக்கறாங்கன்னா, அவளே சமாளிச்சுக்கறாங்க. எப்புடின்னு கேட்டா எனக்கு என்ன தெரியும்? கதவச் சாத்திக்கறா. முன்னெல்லாம் தெனமும் தண்ணி வாத்துக்குவா, இப்ப வாரத்துக்கொருக்காத்தான். பொழுது சாயறதுக்கு முன்னாலயே தண்ணி குடிக்கறத நிறுத்திக்குவா. அப்பத்தான் படுத்ததுக்கப்புறம் எந்திரிக்க வேண்டியதில்லையாமா. நல்ல கட்டுப்பாடுங்க அவளுக்கு. நாக்கு வறண்டு கெடந்தாலும் ஒரு வாய் குடிக்க மாட்டா.

ஆனா நான் கம்முனு இருக்கற ஆளில்ல. கடையில பேச்சோட பேச்சா ஒருத்தரு சொன்னாரு, ஒடம்பு முடியாதவங்களுக்கு ஊட்டுக்கே ஒரு பொம்பளையாளத் தாட்டி உடறாங்களாமா. காத்தாலயும் பொழுதோடவும் வந்து தண்ணி வாத்து, துணி மாத்தி, கைகால் தேச்சுவுட்டுட்டுப் போகுமாமா. சம்பளத்த அரசாங்கமே குடுத்துருமாமா. நேரா ஊட்டுக்கு வந்து சம்பூரணத்துகிட்டச் சொன்னேன். நெசமாலுமான்னா. பொம்பளையாளே வருமான்னா. அன்னைக்குப் பூராவும் அதே பேச்சு. வர்ற புள்ளைய வெள்ளிக்கெழம தலைக்கு ஊத்திவுடச் சொல்லோணும்னா. சீயக்கா அரைச்சு வெக்கோணும்னா. ஆளு வந்து நிக்கற மாதிரியே பேசுனா. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்து வருசமாச்சு.

அதுக்காக நான் அலைஞ்ச அலைச்சல் இருக்குதே. டாக்டருங்க முகாமுன்னு சொன்னாங்க, ஆட்டோ வெச்சுக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஆட்டோக்காரரும் இன்னொருத்தரும் அவளத் தூக்கி எறக்குனாங்க. நான் பையப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அத்தன சர்டிபிகேட்டும் அந்தப் பையிலதான் இருந்துது, தொலஞ்சா என்னாகறது? டாக்டருங்க கையத் தூக்கச் சொல்லிப் பாத்தாங்க, கால மடக்கச் சொல்லிப் பாத்தாங்க, சரின்னு எழுதிட்டாங்க. மாற்றுத்திறனாளி கார்டும் வந்துருச்சு. இனி ஒருத்தரு ஊட்டுக்கு வந்து நேருல பாத்து மார்க்குப் போடோணும், அந்த மார்க்குல பாஸானாத்தான் ஆளுன்னு சொன்னாங்க. என்ன மார்க்குன்னா, தானா குளிக்க முடியாதா, அதுக்கு இத்தன. தானா சாப்புட முடியாதா, அதுக்கு இத்தன. நம்ம படிச்ச காலத்துல ஒண்ணும் தெரியாதுன்னா முட்டை போடுவாங்க. இங்க ஒண்ணும் முடியாதுன்னாத்தான் மொத மார்க்கு.

அதனால நான் அவளுக்குச் சொல்லி வெச்சேன். இங்க பாரு, அவங்க வர்ற அன்னைக்கு ஒரு நாளைக்குக் கட்டல்ல படுத்துக் கெட. என்ன கேட்டாலும் முடியலீங்கன்னு சொல்லு. கசங்குன சீலயே இருக்கட்டும்னேன். தலைய ஆட்டுனா. தலைய ஆட்டுனா தம்பி, அதத்தான் நான் நம்பிப்போட்டேன்.

அன்னைக்கு நான் கடையில இருந்து வந்து பாக்கறேன், தீவாளிக்கு எடுத்த சீலையக் கட்டிக்கிட்டு சேர்ல உக்காந்திருக்கறா. பவுடர் போட்டிருக்கறா. பொட்டு வெச்சிருக்கறா. ஒத்தக் கையில கொசுவம் எப்புடி வெச்சாளோ, பல்லுல கடிச்சுக்கிட்டு வெச்சாளோ என்னமோ, முந்தானையில பல்லுத் தடம் ஈரமா இருக்குது. எப்பப் புடிச்சு ஆரம்பிச்சான்னும் தெரியல. மூச்சு வாங்குது அவளுக்கு. என்ன புள்ள இதுன்னேன். அரசாங்கத்துல இருந்து வர்றாங்க, நாறிக்கிட்டுக் கெடந்தா உங்களப் பத்தி என்னங்க நெனப்பாங்கங்கறா. என்னையப் பத்தி நெனைக்க என்ன இருக்குதுன்னேன். அதுக்குள்ள வாசல்ல வண்டிச் சத்தம்.

சின்னப் புள்ளதான் வந்தது. தீபலட்சுமின்னு பேரு. பாக்க லட்சணமா இருந்துது, செருப்பக்கூட வெளிய கழட்டி வெச்சுட்டுத்தான் வந்துது. உக்காந்து பேரு, வயசு எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டு இருக்குது. நான் மண்டியில இருந்த காலத்தப் பத்தி நாலு வார்த்த சொல்லிக்கிட்டு இருக்கறேன். திரும்பிப் பாத்தா சேர்ல ஆளக் காணோம். செவுத்தப் புடிச்சுக்கிட்டே சமையக்கட்டுக்குப் போயிட்டா.

ஒறம்பர வந்தா ஒரு வாய் காப்பி குடுக்காம அனுப்பக்கூடாதுன்னு அவங்க ஊட்டுப் பழக்கம். எங்க ஊட்டுப் பழக்கமும் அதுதான், இல்லீங்கல. ஆனா எந்த நாளு எதச் செய்யறதுன்னு இல்லையா? உள்ளார டம்ளர் உருளுது. பாலு பொங்கி அடுப்புல ஊத்துற வாசம் வருது. ஒரு தடவ ஆன்னு ஒரு சத்தம், சுட்டுக்கிட்டா போல. அந்தப் புள்ள எந்திரிக்கப் பாத்துது. நான்தான், நீங்க உக்காருங்கம்மணி, அவ பாத்துக்குவான்னு சொன்னேன்.

நெம்ப நேரம் கழிச்சு வந்தா. ஒத்தக் கையில ஒரே ஒரு டம்ளரு. பாதி கையில, பாதி சீலயில. அந்தப் புள்ள வாங்கிக் குடிச்சுட்டு, நீங்களேவாம்மா போட்டீங்கன்னு கேட்டுது. ஆமாங்கண்ணு, சக்கர போதுமான்னு இவ கேக்கறா. அங்க ஒரு மார்க்குப் போச்சு. சமையக்கட்டுல நிக்க முடியாதுங்கறதுக்கு வெச்சிருந்த மார்க்கு மொத்தமும் போச்சு.

என்ன தம்பி கேக்கறீங்க? நான் போட்டிருக்கலாமே காப்பின்னா? நல்ல கதையா இருக்குதே. வந்தவங்க முன்னால ஊட்டு ஆம்பள அடுப்புல நின்னா அது நல்லாவா இருக்கும்? ஒறம்பரகிட்டப் பேச ஒரு ஆளு வேண்டாமா? அதுவுமில்லாம சக்கர டப்பா எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாது.

சரி, அதோட போயிருந்தாக்கூடப் பரவாயில்ல. அடுத்ததுதான் பெரிய கேள்வி. அதுல கெடைக்கற மார்க்கு ஒண்ணு போதும், ஆளு வந்துரும். அந்தப் புள்ள பேனாவ வெச்சுக்கிட்டு நிமுந்து பாத்துக் கேட்டுது. அம்மா, உங்களக் குளிப்பாட்டறது, துணி மாத்தறது, பாத்ரூமுக்குக் கூட்டிப் போறது, இதெல்லாம் யாரு பண்றாங்க?

நான் சம்பூரணத்தப் பாத்தேன். கண்ணக் காட்டுனேன். யாருமில்லீங்க, அந்த ஒரு வார்த்த சொன்னாப் போதும். மரகதம் போயிட்டா, இப்ப யாருமில்லீங்க. இதுல பொய்யே இல்ல பாருங்க. நெசத்தச் சொல்றதுக்கு என்ன கஷ்டம்?

அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. அப்புறம் சீல முந்தானைய இழுத்துவுட்டுக்கிட்டு, எல்லாம் அவருதானுங்கன்னு சொன்னா. எல்லாம் அவருதானுங்க. ரெண்டு தடவ சொன்னா. ஒரு கொறையும் வெக்கறதில்லீங்க, கொழந்தயாட்டம் பாத்துக்கறாருங்கன்னா.

அந்தப் புள்ள என்னையப் பாத்துது தம்பி. கண்ணுல தண்ணி. சார், எத்தனையோ வீட்டுக்குப் போயிட்டு வர்றேன், இப்படி ஒருத்தர நான் பாத்ததில்லீங்க சார்னு எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்புட்டுது. நான் என்ன பண்றது? இல்லீங்கம்மணி, நான் இல்லைன்னு சொன்னா அவ பொய் சொன்ன மாதிரி ஆயிருமல்ல? கட்டுனவள அடுத்தவங்க முன்னால பொய்க்காரி ஆக்கறதா? எனக்கு மனசு வரலீங்க. அவளுக்காகத்தான் கம்முனு இருந்தேன்.

கொஞ்ச நாள்ல ஆபீசுல இருந்து சொல்லிட்டாங்க. கெடையாது. ஊட்டுலயே நல்லாப் பாத்துக்க ஆளு இருக்குதாமா, அதனால அடுத்தவங்களுக்குத்தான் குடுப்பாங்களாமா.

எனக்கு வந்துது பாருங்க கோவம். உன்ற வாயாலயே உன்ற தலையில மண்ண வாரிப் போட்டுக்கிட்டயேன்னேன். சீயக்காப் பொடி டப்பாவ எடுத்துப் பரண்மேல வெச்சுருங்கன்னா, அவ்வளவுதான். வேற எதாவது சொல்லிருக்கலாமல்ல, ஏன் அப்படிச் சொன்னயின்னு நான் உடாமக் கேட்டேன். அதெப்புடிங்க என்ற வாயால சொல்றதுங்கறா. அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் வெளங்கல. பொம்பளைக ரோசனை நமக்கு எங்க புரியுது? ஒரு வாரம் அவகூட நான் பேசவே இல்ல.

அப்புறந்தான் இந்தக் கூத்து. போன வாரம் போன் வந்துது. மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு விழா வெக்கறாங்களாமா, அந்தத் தீபலட்சுமி என்ற பேர எழுதிக் குடுத்திருக்குதாமா. மேடையேத்தி மரியாத பண்ணுவாங்களாமா. எனக்குப் புடிக்கலீங்க. ஆனா பெரிய ஆபீசருங்க வர்ற எடம், அங்க வெச்சு ஆளக் கேட்டா இல்லைங்க மாட்டாங்கன்னு ஒரு கணக்குப் போட்டேன். அவளும் போயிட்டு வாங்கன்னா. வெள்ள வேட்டி சட்டையத் தேய்க்கற கடையில குடுத்து, பெட்டி போட்டு வாங்கி வெச்சேன்.

இன்னைக்கு மேடையில சால்வ போத்துன ஒடனே ஆபீசர் காதுகிட்டப் போயி, ஐயா, ஊட்டுக்கு ஒரு பொம்பளையாளு மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னான்னு ஆரம்பிச்சேன். அந்த மனுசன் மைக்கப் புடிச்சு என்ன சொன்னாரு தெரியுங்களா? இவர மாதிரி ஒரு கணவர் இருக்கற வீட்டுக்கு ஆளு எதுக்குங்க, இவருதான் நமக்கெல்லாம் பாடம்னு சொல்லிட்டாரு. அத்தன பேரும் கை தட்டறாங்க. கை தட்டற எடத்துல நின்னுக்கிட்டு அதுக்கு மேல என்ன பேசறது?

அதோட உட்டாங்களா? ரெண்டு வார்த்த பேசுங்கன்னு மைக்கக் குடுத்துட்டாங்க. அன்பா இருக்கோணும், பொறுமையா இருக்கோணும்னு சொல்லிப்போட்டு எறங்கப் பாத்தேன். மொத வரிசையில ஒரு பொம்பள, வளந்த மகன வீல்சேர்ல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தது. எந்திரிச்சு ஒரு சந்தேகமுங்கண்ணான்னுது. படுக்கப் புண்ணு வராம எப்புடிப் பாத்துக்கறீங்க, என்ற பையனுக்கு இடுப்புல வந்துருச்சு, ஆறவே மாட்டீங்குது, நீங்க என்ன போடறீங்கன்னு கேட்டுது.

ஊட்டுப் பொம்பளையோட இடுப்பு, முதுகெல்லாம் மேடையில வெச்சுக் கேக்கற கேள்விங்களா தம்பி? பவுடர் போடுவோம்னேன். என்ன பவுடருன்னுது. பூசற பவுடருதான்னேன். அந்தப் பொம்பள என்ற கையையே பாத்துக்கிட்டு உக்காந்துருச்சு.

கீழ எறங்கி, குடுத்த சோத்தத் தின்னுட்டு வெளிய வர்றேன், வீல்சேரத் தள்ளிக்கிட்டு வந்து வழிய மறிக்குது. அண்ணா, உங்க ஊட்டம்மாகிட்ட நான் பேசலாமா, போன் நம்பர் குடுங்கன்னு கேக்குது. ஊட்டுலயே கெடக்கறவளுக்குப் போன் எதுக்குங்க, போன் என்றகிட்டத்தான் இருக்குதுன்னேன். அப்ப இப்ப அவங்ககூட யாருங்கண்ணா இருக்கறாங்கங்குது. ஊரு பேரு தெரியாத பொம்பள, இத்தன கேள்வி. எனக்குச் சுருக்குன்னுச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன்.

நீங்களும் அதையே கேக்கறீங்க பாருங்க. யாரும் இல்லீங்க. ஒரு நாளுதான?

காத்தால நான் கெளம்பற நேரம் பாத்து உள்ளார இருந்து கூப்புடறா. தண்ணி வாத்துக்கப் போனவ. நல்ல நாளும் அதுவுமா, தலைக்கு ஊத்திக்கிட்டு என்னைய வழியனுப்போணும்னு நெனச்சிருப்பா. என்னங்க, வழுக்கிருச்சுங்க, சித்தெ ஒரு கை குடுங்கங்கறா. நான் பெட்டி போட்ட சட்ட போட்டு, செருப்பும் மாட்டிட்டேன். தெருமுக்குல பஸ்ஸு ஆரன் அடிக்கறான். அதுவுமில்லாம அவ எந்தக் கோலத்துல கெடக்கறாளோ. இத்தன வருசத்துல அந்தக் கதவ நான் தெறந்ததில்லீங்க. மெதுவா எந்திரி, வந்தர்றேன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். மறுக்காவும் கூப்புட்டா. பஸ்ஸு சத்தத்துல சரியாக் கேக்கல.

பொழுது எறங்கிருச்சுங்களா? ஆமா, லைட்டுப் போட்டுட்டான். இந்நேரம் எந்திரிச்சிருப்பா. எந்திரிச்சிருப்பாங்க.

ஏந்தம்பி, போன எதுக்கு எடுக்கறீங்க? யாரக் கூப்புடறீங்க? கருக்கம்பாளையத்துல உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருந்தாலும் வேண்டாமுங்க, வெளிக் கதவப் பூட்டிட்டுத்தான் வந்திருக்கறேன், சாவி என்ற மடியில இருக்குது. ஆளுகளக் கூட்டிக் கதவ ஒடைக்கறதெல்லாம் நமக்கு ஆகாது. ஊரு என்ன பேசும்? சம்பூரணம் சத்தம் போட்டுக் கூப்புடற பொம்பள இல்லீங்க. அக்கம்பக்கத்துல யாருக்கும் ஒண்ணும் கேட்டிருக்காது.